காபி கொண்டுவந்தவள் சொன்ன வார்த்தை

எனக்குப் பேச வராது. வாசிக்க வரும். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் அச்சில் இருப்பதைத் தட்டுத்தடுமாறாமல் வாசிப்பேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் சொந்தமாக ஒரு வார்த்தை என் வாயிலிருந்து கிளம்பாது. அடுத்தவர் எழுதி வைத்தது என்றால் ஊரே உட்கார்ந்திருந்தாலும் வந்துவிடும். அந்த வாசிப்புதான் என் வாழ்க்கையைக் கெடுத்தது என்று அம்மா சாகும்வரை சொன்னாள். கெடுத்தது வாசிப்பா வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

நயா பைசா வந்த புதிது. எனக்குப் பதினாறு பதினேழு வயது இருக்கும். திண்டுக்கல்லில் ஒரு சுருட்டுக் கம்பெனிக்கு அம்மாவோடு வேலைக்குப் போவேன். வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து புகையிலை கட்டுக்கட்டாக வண்டியில் வந்து இறங்கும். தண்ணீர் தெளித்து, சாக்குப் போட்டு மூடி, இலை பதமானதும் எங்களிடம் கொண்டுவந்து போடுவார்கள். நடுக்காம்பை உரித்து எடுத்துவிட்டு இலையை அடுக்க வேண்டும். அது பெண்கள் வேலை. சுருட்டுகிற ஆண்கள் முன்கட்டில் இருப்பார்கள். உரித்த இலையை நிறுத்துத்தான் கூலி. கை கறுத்துப் பிசுபிசுத்துப் போகும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து கை வைத்தால் சோறு கசக்கும், தொட்டுக்கொள்கிற வெஞ்சனமும் கசக்கும். புதிதாக வந்தவர்கள் முதலில் சாப்பிட மாட்டார்கள். அப்புறம் பழகிவிடும்.

வாரத்தில் ஒரு நாள், முதலாளி வீட்டில் படித்து முடித்த பத்திரிகை, பின்கட்டில் நாங்கள் உட்கார்ந்து உரிக்கிற கொட்டடிக்கு வரும். அதில் ஒரு தொடர்கதை. எங்களில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் வாசிப்பேன், மற்றவர்கள் உரித்துக்கொண்டே கேட்பார்கள். வாசிக்கிற நேரத்தில் என் கூலி போய்விடக் கூடாது என்று, கதை முடிந்ததும் ஒவ்வொருத்தியும் தான் உரித்ததில் ஒரு பிடி எடுத்து என் கூடையில் போடுவாள். அதற்குப் பிடி போடுவது என்றே பெயர். எனக்கு முன்னால் வாசித்தவளுக்கும் அப்படித்தான் போட்டார்களாம். தாளில் கறை படக் கூடாது என்று அன்றைக்குக் காலையிலிருந்தே என்னை இலையைத் தொட விடமாட்டார்கள். அந்த ஒரு நாள் மட்டும் என் சோறு கசக்காது.

எப்போதும் முதல் பிடி போடுகிறவள் எனக்கு எதிரே உட்காருகிற ஓர் அத்தை. அப்பாவோடு கூடப்பிறந்தவள் இல்லை, முறைக்கு அத்தை. அவள் மகன் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார். மத்தியானம் தாய்க்குச் சோறு கொண்டுவருவார். வாசல் தாண்டி உள்ளே வரமாட்டார். வாசிப்பு நாளில் செத்த நேரம் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு தடவை அத்தை என்னை அனுப்பித் தூக்குச்சட்டியை வாங்கிவரச் சொன்னாள். அவர் நகக்கண்ணில் இரும்புத்தூள் கறுப்பாக இருந்தது. “அடுத்த வாரம் அவ என்ன செய்வா?” என்று கேட்டார். கதையில் வருகிறவளைக் கேட்கிறார். குனிந்த தலையோடு உள்ளே வந்துவிட்டேன். ஆனால் அந்த வாரம் முழுக்க அவருக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கல்யாணப் பேச்சை அத்தைதான் எடுத்தாள். தை பிறந்ததும் வந்து பூ வைத்துவிட்டுப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பா இல்லாத வீடு எங்களது. எனக்குப் பின்னால் ஒரு தங்கச்சி வேறு இருந்தாள். எனக்கும் அந்த வீட்டுக்குப் போக ஆசை இருந்தது. அப்போது யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் முதல்முதலாக எழுதுகிறேன். அத்தைக்கு மகனுக்கு இளையதாக ஒரு மகளும் உண்டு. நான் அவளைப் பார்த்ததே இல்லை. கோயில் குளத்துக்குக்கூட வரமாட்டாள். வயசுக்கு வந்த பிள்ளையை வெளியே விடாத கண்டிப்பான வீடு என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அது ஒரு பெரிய வீட்டுக் கதை. அந்த வீட்டின் மூத்த மருமகள்தான் கதாநாயகி. அவளுக்குப் பெயர் உண்டு, நாங்கள் ‘மூத்தவ’ என்றுதான் சொல்வோம். ஏழை வீட்டிலிருந்து வந்தவள், நாலு எழுத்துப் படித்தவள். ஒரு வாரம் அந்த வீட்டில் வெல்லப்பானையிலிருந்து வெல்லம் காணாமல் போகிறது. வேலைக்காரியை அடிக்கப் போகிறார்கள். மூத்தவ தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள். எறும்புச் சாரை ஒன்று சுவரோரமாகப் போய் நாத்தனாரின் டிரங்குப் பெட்டிக்குள் நுழைகிறது. மூத்தவ அதை மனசோடு வைத்துக்கொள்ளவில்லை. மாமனாரும் விருந்தாளிகளும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற பந்தியில் வைத்துச் சொல்லிவிடுகிறாள்.

அன்றைக்கே கொட்டடி இரண்டாகப் பிரிந்துவிட்டது. மூத்தவ அறிவுக்காரியா, கூறுகெட்டவளா? அம்மா அவளை அறிவுக்காரி என்றாள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. எறும்பைப் பார்த்தது அறிவுதான், பந்தியில் வைத்துச் சொன்னதுதான் கூறு இல்லாமை, அறிவு மண்டையில் இருந்தால் போதும், கூறு நாக்கில் இருக்க வேண்டும் என்றாள். செம்பட்டியிலிருந்து வாழ வந்தவள் ஒருத்தி, எங்கள் கொட்டடிக்குச் சிரிப்புக் காட்டுகிறவள், குனிந்த தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

“எறும்புகூட வாயத் தொறக்காமத்தேன் போச்சு மதினி. இவளுக்கு என்ன கேடு?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. வாசிக்கிறவளுக்கு ஒரு எண்ணம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. எனக்குள் இருந்தது. மூத்தவ அதைச் சொல்லாவிட்டால் வேலைக்காரி அல்லவா அடி வாங்கியிருப்பாள்? அந்த வேலைக்காரியைப் பற்றி எங்களில் ஒருத்திகூடப் பேசவில்லை. நாங்கள் எல்லாருமே அவளைப் போன்றவர்கள்தான்.

மார்கழியில் அந்த வாரம் வந்தது. கதையில், அந்த வீட்டின் இளைய மகனுக்குப் பெண் பேசுகிறார்கள். அவனுக்கு வலிப்பு உண்டு. வீட்டோடு மூடி வைத்திருக்கிறார்கள். பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறான். கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். மூத்தவ காபி டம்ளர்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவருகிறாள். அவன் முன்னால் நின்று, டம்ளரைக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு வலிப்பு வரும், கொடுப்பதானால் தெரிந்துகொண்டு கொடுங்கள் என்று சொல்கிறாள். தகப்பன் காபியைக் குடிக்காமல் எழுந்து போகிறான். சாயங்காலமே மூத்தவளைக் கைப்பிள்ளையோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். அந்த வாரம் அதோடு முடிந்தது.

நான் வாசிக்கும்போதே காம்பு உரிக்கிற சத்தம் நின்றுபோனது. அது மெல்லிய சத்தம்தான், துணி கிழிகிற மாதிரி. எத்தனை வாசித்தாலும் அது கூடவே கேட்டுக்கொண்டிருக்கும். அன்றைக்கு நின்றது. கதையில் லயித்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். எனக்கும் ஏதோ வேகம் வந்துவிட்டது. எப்போதும் தரையைப் பார்த்த மாதிரி ஒரே குரலில் வாசிக்கிறவள், அன்றைக்கு மூத்தவ அந்த வார்த்தையைச் சொல்கிற இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து வாசித்தேன். முன்கட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

வாசித்து முடித்தேன். செம்பட்டிக்காரிதான் பேச்சை எடுத்தாள். கூறுள்ளவள் என்றால் காபியைக் கொட்டியிருப்பாள் என்றாள். அதைச் சகுனத் தடை என்று நினைத்துப் பெண் வீட்டார் தாமாகவே விலகிக்கொள்வார்களாம். இன்னொருத்தி, வண்ணாத்தி மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கலாம் என்றாள். வேறொருத்தி, காபியில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டால் போதும், பொல்லாத வீடு என்று ஓடிவிடுவான் என்றாள். இப்படி ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். ஆனால் குரலில் சிரிப்பு இல்லை. எல்லாரும் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள்.

அத்தை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது தாள்ல இருக்கா, நீயாச் சேத்தியா?”

பத்திரிகையை அவள் பக்கம் நீட்டினேன். அவள் அதை வாங்கி என்ன செய்வாள்? அவளுக்கு எழுத்துத் தெரியாது. கொட்டடியில் யாருக்கும் தெரியாது. இத்தனை வாரமாக அவர்கள் கேட்டது என் குரலைத்தான். கதை எழுதினவன் ஒருத்தன் எங்கேயோ இருக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் மூத்தவ பேசினதெல்லாம் என் வாயிலிருந்துதானே வந்தது? எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

அம்மா பதறிப்போய்ப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு முன்கட்டுக் கணக்கப்பிள்ளையிடம் ஓடினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, நான் காட்டின இடத்தை வாய்க்குள்ளேயே படித்தார். அச்சில் அப்படித்தான் போட்டிருக்கிறது, அந்தப் பெண் ஒன்றும் சேர்க்கவில்லை என்றார். பத்திரிகையை என் மடியில் போட்டுவிட்டுப் போனார். அம்மா மூச்சு விட்டாள். முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“அச்சுல இருக்கட்டும் தாயி. வாசிக்கிற வாசிப்பு தெரியாதா எனக்கு? அந்த எடத்துல உம் மகளுக்குப் பிடிச்சிருந்துச்சு.”

அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். அது உண்மை. அன்றைக்கு மற்றவர்கள் பிடி போட்டார்கள், அரைகுறையாக. அத்தை போடவில்லை. தன் கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக நிறுக்கிற இடத்துக்குப் போய்விட்டாள்.

தை பிறந்தது. யாரும் வரவில்லை. காரணத்தை அம்மாவுக்குக் குழாயடியில் வைத்துச் செம்பட்டிக்காரி சொன்னாள். அத்தையின் மகளுக்கு உடம்பில் வெண்புள்ளி இருக்கிறதாம். முழங்கைக்கு மேலும் முதுகிலும். முகத்துக்கு வரவில்லை. முகத்துக்கு வருவதற்குள் கைநீள ரவிக்கை போட்டு ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அத்தை இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டடியில் எங்கள் இரண்டு பேரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு, நாளைக்கு அந்த வீட்டு மருமகளாகக் காபி கொண்டுவரப் போகிறவள் நான் அல்லவா? அத்தை அதைத்தான் யோசித்திருக்கிறாள். என்னை வைத்து அவள் யோசித்ததில் தப்பில்லை. அவள் நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் யோசிப்பார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆனது. புரிந்தும் கோபம் போகவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னைத் திட்டினாள். “அந்த எடத்தை மட்டும் மொணமொணன்னு வாசிச்சுத் தொலைஞ்சா என்னடி?” என்றாள். மூத்தவளை முதலில் அறிவுக்காரி என்று சொன்னவள் அவள்தான். இப்போது மூத்தவளையும் என்னையும் சேர்த்து ஒரே வார்த்தையில் கூறுகெட்டவள் என்றாள். அத்தை மகன் அப்புறம் கொட்டடி வாசலுக்கு வரவில்லை. அத்தை காலையிலேயே சோறு கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தாள். மூத்தவ அடுத்து என்ன செய்தாள் என்று நான் வாசித்ததை அவர் கேட்கவில்லை.

சித்திரையில் எனக்கு எரியோட்டுப் பக்கம் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க அம்மாவும் தாய்மாமாவும் போனார்கள். மாப்பிள்ளைக்கு இருமல் இருந்தது. கடலைக்காய் உதிர்த்த தூசி என்றார்கள். களத்தில் கடலைச்செடி குவிந்து கிடந்ததாம், அம்மாவே பார்த்தாளாம். அந்த வீட்டு மூத்த மருமகள்தான் காபி கொண்டுவந்து கொடுத்தாளாம். தட்டைப் பிடித்துக்கொண்டு, டம்ளர் காலியாகிறவரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். அடக்கமான பிள்ளை, அந்த வீட்டில் நல்ல பழக்கம் இருக்கிறது என்று அம்மா திரும்பி வந்து சொன்னாள்.

போய் ஒரு மாசத்தில் தலையணை உறையில் ரத்தம் பார்த்தேன். காசநோய். கல்யாணத்துக்கு முந்தி ஆறேழு மாசம் வெளியூர் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அதை வெளியூரில் வேலை பார்த்தார் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனுஷன்தான். தன் டம்ளரை நான் தொடக் கூடாது என்று தானே கழுவி வைப்பார். ஆனால் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவருக்கும் பேச வராது.

ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கொட்டடியில் என் இடத்துக்கு வேலைக்குப் போய்த் தங்கச்சி வாசிக்கிறாள் என்று தெரிந்தது. கதை முடிந்துவிட்டது என்று சொன்னாள். கடைசியில் அந்தப் பெண்ணின் தகப்பனே மூத்தவளைத் தேடிக்கொண்டு வருகிறானாம். மாமியார் மனம் மாறி அவள் கையைப் பிடித்து அழுகிறாளாம். பட்டணத்து டாக்டர் கொடுத்த மருந்தில் வலிப்பு நின்றுபோகிறதாம். அதே பெண்ணை அதே மாப்பிள்ளைக்குக் கொடுத்து, மூத்தவளே முன்நின்று கல்யாணத்தை நடத்துகிறாளாம்.

கொட்டடியில் எல்லாரும், “நான் அப்பவே சொன்னேன்ல, அவ அறிவுக்காரின்னு?” என்றார்களாம். அத்தையும் சொன்னாளாம்.

மூத்தவ அன்றைக்குச் செய்ததில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அதே காபி, அதே வார்த்தை. கதை எழுதினவன் அவளுக்குத் திரும்பவும் வீட்டைத் திறந்துவிட்டான், அதனால் அவள் அறிவுக்காரி ஆகிவிட்டாள். தெருவிலேயே விட்டிருந்தால் கூறுகெட்டவள்தான். ஒருத்திக்கு அறிவு இருக்கிறதா இல்லையா என்பதை அவள் கடைசியில் எங்கே படுத்துத் தூங்குகிறாள் என்பதை வைத்துத்தான் சொல்கிறார்கள். அவனுக்கு என்ன, மருந்து ஒன்றை எழுதிவிட்டுப் போய்விட்டான். எரியோட்டில் எங்கள் வீட்டுக்கு அந்தப் பட்டணத்து டாக்டர் வரவில்லை.

ஒரு நாள், என் வீட்டுக்காரருக்கு ரொம்ப முடியாமல் போனபிறகு, ஓரகத்தியும் நானும் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்குக் காபி கொடுத்தவள் அவள்தான். என் வாழ்நாளில் நானாகக் கேட்ட கேள்வி என்றால் அது ஒன்றுதான். அன்னைக்கு எங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா என்றேன். அவள் கோபப்படவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

“சொல்லிட்டு நான் எங்க போறது? எனக்கு ரெண்டு பொட்டப்புள்ள இருக்குல்ல.”

அப்புறம் சோப்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவளை நான் வெறுக்கவில்லை. கூறுள்ளவள். கூறு இருந்ததால் அந்த வீட்டில் அவளுக்குக் கடைசிவரை இடம் இருந்தது. அவர் போனபிறகு எனக்கு இல்லை.

மடியில் ஒரு பெண்பிள்ளையோடு திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்தேன். அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது தாண்டிவிட்டது. அதே கம்பெனி, அதே கொட்டடி. ஆனால் வாசிப்பு நின்றுபோயிருந்தது. தங்கச்சி கல்யாணமாகிப் போய்விட்டாள், முன்கட்டில் ரேடியோ வந்துவிட்டது. பிடி போடுகிற வழக்கமும் அதோடு போய்விட்டது. எனக்கு வாரத்தில் எல்லா நாளும் சோறு கசந்தது.

அத்தை அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கைநீள ரவிக்கையோடு ஒரு பெண். அவள் மகள். அவளை முதல்முதலாக அங்கேதான் பார்த்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு வீட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். போன கொஞ்ச நாளிலேயே தெரிந்துபோய், தாலியோடு கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டார்கள். இப்போது உதட்டோரத்திலும் வெள்ளை வந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று அத்தை அவளை வேலைக்கு அழைத்து வந்துவிட்டாள். புகையிலைச் சாறு அந்த ரவிக்கையின் கைகளில் முழங்கைவரை ஏறியிருந்தது. அப்போதும் அவள் மடித்துவிடவில்லை. பழக்கம். மகனுக்கு ரெட்டியார்சத்திரத்தில் பெண் எடுத்து, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று செம்பட்டிக்காரி சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

அத்தையும் நானும் பேசிக்கொள்வதில்லை. பல மாசம் அப்படியே எதிரும் புதிருமாக உட்கார்ந்து உரித்தோம். ஒரு நாள் என் மகளுக்குக் காய்ச்சல். வேலைக்கு நேரங்கழித்து வந்தேன். கூடையில் பாதிகூட நிறையவில்லை. நிறுக்கிற நேரம் வந்ததும் அத்தை எழுந்து வந்து, தன் அடுக்கிலிருந்து ஒரு பிடியை எடுத்து என் கூடையில் போட்டாள். நான் எதுவும் வாசிக்கவில்லை. வாசித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

“வச்சுக்க,” என்றாள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மகளும் பார்த்தாள். என் மகள் வீட்டில் காய்ச்சலோடு கிடந்தாள், எனக்கு அந்த எடை வேண்டியிருந்தது. அந்தப் பிடியை எடுத்தேன். எழுந்துபோய் அத்தையின் அடுக்கின்மேலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்து என் கூடையைத் தூக்கினேன்.

பின்னால் செம்பட்டிக்காரி முணுமுணுத்தது காதில் விழுந்தது. பிள்ளை அங்கே காய்ச்சலில் கிடக்கிறது, இவளுக்குக் கூறே கிடையாது என்றாள். இந்தத் தடவை மறுத்துப் பேச ஒருத்திகூட இல்லை. கூடையைத் தராசில் வைத்தேன்.